சீடர் பலகை: பெயர் ஒன்று, மரம் பல

மொனராகலையில் மரம் வாங்கி விற்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "சீடர் பலகை இருக்கிறதா?" என்பது. "எந்தச் சீடர்?" என்றே நான் திருப்பிக் கேட்பேன். இந்தப் பெயரில் வெவ்வேறு மரங்கள் விற்கப்படுகின்றன. விலையும் உழைப்பும் மரத்துக்கு மரம் மாறும்.

உண்மையான சீடர்

இது ஊசியிலை மரம். லெபனான், துருக்கி மலைகளில் வளர்வது ஒருவகை. 1943 முதல் லெபனான் கொடியில் இருப்பது அதுவே. மொரோக்கோ, அல்ஜீரியாவின் அட்லஸ் மலைகளில் இன்னொன்று, சைப்ரஸில் மற்றொன்று. இமயமலையின் தேவதாரு பாகிஸ்தானின் தேசிய மரம். இவையெல்லாம் குளிர் மலைகளுக்கு உரியவை. நமது வெப்பத்தில் இவற்றை நட்டுப் பயனில்லை.

நம் பகுதிச் சீடர்கள்

சிவப்புச் சீடர் எனப்படும் தூனாவும், இலங்கைச் சீடர் எனப்படும் மலைவேம்பும் (சிங்களத்தில் லுனுமிதெல்ல) வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தூனாவின் பலகை செங்கல் நிறம். அரியும்போது நல்ல வாசனை வரும். கதவு, அலுமாரி, தளபாடத்துக்கு ஏற்றது. அஸ்ஸாமில் தேயிலைப் பெட்டிகளும் இதில் செய்தார்கள். மலைவேம்பு வெளிர் நிறம், இலேசானது. சீலிங், பெட்டி, பிளைவூட்டுக்கு உதவும். மண்ணில் படும் வேலைக்கு வேண்டாம்.

நிற்கும் மரத்தை இலையில் அறியலாம். தூனாவில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். மலைவேம்பில் அந்தக் காம்பு மீண்டும் கிளைவிட்டிருக்கும். தூனாவின் காய் வெடித்துச் சிறகுள்ள விதை பறக்கும். மலைவேம்பின் பழத்துக்குள் கடினமான கொட்டை இருக்கும்.

பராமரிப்பு

பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஈரமான தோட்டங்கள் தூனாவுக்கு நல்லவை. தண்ணீர் தேங்கும் நிலம் இரண்டுக்கும் ஆகாது. மொனராகலையில் ஒக்டோபர் மழையோடு நடுங்கள். தூனாவின் பெரிய எதிரி குருத்தைத் துளைக்கும் புழு. தனித் தோப்பாக நடாமல் வேறு மரங்களின் நிழலோடு கலந்து நட்டால் தாக்கம் குறையும். தாக்கிய நுனியை வெட்டிவிட்டு, நேரான ஒரு தளிரை மட்டும் வளரவிடுங்கள்.

வியாபாரிகளுக்கு

பச்சைப் பலகையை வெயிலில் போடாதீர்கள், வளையும். நிழலில், இடையே சட்டம் வைத்து அடுக்குங்கள். லொறியில் ஏற்றுமுன் வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள். போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பது மரத்தின் இனத்தைப் பொறுத்தது. சுருட்டுப் பெட்டிக்குப் பெயர்போன அமெரிக்கச் சீடரான செட்ரெலாவை இறக்குமதி செய்வோர் இன்னும் கவனம்: 2020 முதல் அந்த இனம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. ஏற்றுமதி நாட்டின் அனுமதி இல்லாமல் வரும் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

பில்லில் "சீடர்" என்று மட்டும் எழுதாதீர்கள். தூனாவா, மலைவேம்பா என்று எழுதுங்கள். தூனா விலை கொடுத்தவர் வீட்டுக்கு மலைவேம்பு போனால், தச்சு பாஸ் உளியை வைத்ததும் தெரிந்துவிடும். அந்த வாடிக்கையாளர் மறுமுறை உங்கள் மரக்காலைப் பக்கம் வரமாட்டார்.