கல்லுப்பைக் கரைத்தால் கடல் ஆகுமா?

உள்நாட்டு ஊரான வேங்கிக்காலில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிப் பக்கம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போக வேண்டும். வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கலாமா என்ற பேச்சு இங்கே எழுந்தால் இரண்டு விதமான பதில் வரும். ‘அதெல்லாம் கடற்கரைக்காரருக்கும் காசு உள்ளவருக்கும்தான்’ என்பது ஒன்று. ‘சின்னத் தொட்டி, கொஞ்சம் கல்லுப்பு, ரெண்டு நீமோ மீன், அவ்வளவுதான்’ என்பது இன்னொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் முதல் நாள் கடை ரசீதை வைத்தே செலவை அளக்கின்றன. கடல்நீர்த் தொட்டியில் காசு கரைவது அதற்குப் பிறகுதான்: உப்பின் அளவும் வெப்பமும் கழிவும் ஏறி இறங்கி, மீன் செத்து, மறுபடி வாங்கும்போது. அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பவற்றில் செலவழித்து, மற்றவற்றில் கையை இறுக்குவதே சிக்கனம். இங்கே புழங்கும் நம்பிக்கைகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கடல் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்

இந்த எண்ணம் காரணமில்லாமல் வரவில்லை. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909-இல் திறக்கப்பட்டது சென்னை மெரினா கடற்கரையில்தான். இன்று நிலைமை வேறு. நூறு லிட்டர் கடல்நீரைக் கேனில் கொண்டுவந்தால் எடை நூறு கிலோவைத் தாண்டும். அதே அளவு நீரை வீட்டிலேயே தயாரிக்க சுமார் மூன்றரைக் கிலோ செயற்கைக் கடலுப்பு போதும். ஏனென்றால் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கே உப்புகள் இருக்கின்றன. ‘மீன் குஞ்சு பொரிப்பகங்கள் கடல்நீரைத்தானே எடுக்கின்றன?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை அந்த நீரைத் தேக்கி, வடிகட்டி, கிருமி நீக்கிய பிறகே மீனுக்குக் கொடுக்கின்றன. கரையோரத்தில் நாம் மொண்டுவரும் நீரில் கலங்கலும் கழிவும் இருக்கும். ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பும் நீர்த்துப்போயிருக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் கேனுக்குள்ளேயே செத்து அழுகத் தொடங்கும்.

நம்பிக்கை 2: கல்லுப்பு கடலிலிருந்துதானே வருகிறது, அதையே கரைக்கலாம்

மரக்காணம் உப்பளத்தில் நடப்பதைக் கவனித்தாலே இதற்கு விடை கிடைத்துவிடும். கடல்நீர் பாத்திகளில் வற்றும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்து ஒதுங்குகின்றன. அதன் பிறகே நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. சமையலுக்கு ஏற்ற உப்பு கிடைப்பதே இந்தப் பிரிப்பால்தான். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்க வேண்டிய சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும், தலா 0.4 கிராம் அளவிலான கால்சியமும் பொட்டாசியமும் அந்த உப்பில் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. கல்லுப்பு நீரில் மீன் சில நாள் நீந்துவதைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. கடல் மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்ட அது சுற்றியுள்ள நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடிக்கிற நீரின் கலவை தவறாக இருந்தால் பாதிப்பு மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். ஆகவே கடலுப்புக் கலவையில் கைவைக்கக் கூடாது. கரைக்கும் தண்ணீரிலும் அதே கறார் வேண்டும். போர் தண்ணீர் கடினமானது. கேன் தண்ணீரின் தரம் கடைக்குக் கடை மாறும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் சிலவற்றில் சுவைக்காக ஆர்.ஓ. சவ்வைக் கடக்காத நீரையும் கொஞ்சம் கலக்கும் ஏற்பாடு உண்டு. மலிவான டி.டி.எஸ். மீட்டரால் நீரைச் சோதித்து, உப்பு கரைத்தபின் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 3: உப்புத் தண்ணீர் கெடாது

ஊறுகாய் கெடாமல் இருப்பதைப் பார்த்துப் பழகிய மனம் இப்படி நினைப்பது இயல்பு. ஆனால் ஊறுகாயில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதைப் போலப் பல மடங்கு. 3.5 சதவீத உப்பில் பாக்டீரியா செழித்து வாழும். கடல் முழுக்க அவைதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் கூட்டம் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்னீர்த் தொட்டியில் அவசரப்பட்டுத் தப்பித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வதற்கு வேதியியல் காரணம் உண்டு. கடல்நீரின் பி.எச். 8.2-ஐ ஒட்டியது. பி.எச். 7-இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேலான பங்கு அம்மோனியா அங்கே நச்சு வடிவில் இருக்கும். மலிவான டாம்சல் மீனை விட்டு ‘தண்ணீரைப் பழக்கும்’ வழக்கம் அந்த மீனை வதைப்பதுதான். பிழைத்தாலும் அது முரட்டு மீன். பின்னால் வருபவற்றை விரட்டிக் கடிக்கும். தீவனத்தைச் சிட்டிகையளவு போட்டு அழுகவிட்டாலே பாக்டீரியாவுக்கு வேண்டிய அம்மோனியா கிடைக்கும். புட்டியில் விற்கும் பாக்டீரியா காத்திருப்பைக் குறைக்கலாம்; ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைக் கிட் காட்டும்வரை மீன் வாங்கக் கூடாது.

நம்பிக்கை 4: தொட்டி சிறிதானால் செலவும் சிறிது

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். இருபது லிட்டரில் ஒரு லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36.8 ஆகிறது. நூறு லிட்டரில் அதே அளவு வற்றினால் 35.4-தான். சூடும் கழிவும் இதே விதமாகச் சிறிய தொட்டியில் சட்டென்று ஏறும். ‘பெரிய தொட்டிக்கு உப்புச் செலவு கூடுமே’ என்ற மறுப்பில் நியாயம் உண்டு. நூறு லிட்டர் தொட்டியில் வாரம் பத்து சதவீத நீரை மாற்றினால் 350 கிராம் உப்பு. ஆண்டுக்குப் பதினெட்டு கிலோ. தொட்டியை நிரப்பிய உப்பைப் போல ஐந்து மடங்கு இது. தொட்டி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு இதுதான். இந்தச் செலவு தாங்குமென்றால், இரண்டு கோமாளி மீன்களுக்கு (நீமோ மீன் இதுதான்) நூறு லிட்டர் நடுவழியாக இருக்கும். குறைந்த மீன், தவறாத நீர் மாற்றம் என்று இருந்தால் கழிவை நுரையாகப் பிரிக்கும் விலை உயர்ந்த புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாமலே சமாளிக்கலாம்.

நம்பிக்கை 5: இந்த வெயிலுக்குச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது

வெயில் பொய்யில்லை, சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். கடல்நீரோ சுமார் 6.8-ஐத்தான் தாங்கும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். ஆனாலும் உள்நாட்டு ஊருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால், ஆவியாதலால் சில டிகிரி வெப்பம் இறங்கும். காற்று வறண்டிருக்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்யும். புழுக்கம் மிகுந்த கடற்கரை ஊரில் அவ்வளவு பலிக்காது. மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே இயற்பியல்தான். மொட்டை மாடியின் சூடு இறங்காத தரைத்தள உள்ளறையில் தொட்டியை வைத்தால் பாதி வேலை முடிந்தது. விசிறி ஓடும்போது வற்றும் நீருக்கு ஈடாகத் தினமும் உப்பில்லாத தூய நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

நம்பிக்கை 6: பவளம் இல்லாமல் என்ன கடல் தொட்டி?

விசிறி போதும் என்ற வாதம் மீனுக்கு மட்டும்தான் பொருந்தும். பவள உயிரிகளுக்குக் கூடுதல் வெப்பமே எமன். தனி விளக்கும் கேட்கும். விளக்கு, சில்லர் இரண்டின் செலவும் பவள ஆசையோடுதான் வருகின்றன. சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாறைத்திட்டு அமைக்கும் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து எடுத்த ‘லைவ் ராக்’ (பாக்டீரியாவும் பிற உயிர்களும் குடியிருக்கும் பாறை) மலிவாகக் கிடைத்தால் அது குற்றப் பொருள். பாக்டீரியா குடியிருக்க நுண்துளைப் பீங்கான் கற்களே போதும். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி வேண்டுமென்பதும் தவறு. கொன்று தின்னும் எதிரி இல்லாத தொட்டியில் அது தனியாகவே நலமாக வாழும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இம்மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டிவிட்டன. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மீன் பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்பதே. தொட்டியில் பிறந்த மீன் தீவனத்துக்குப் பழகியிருக்கும்; கடலிலிருந்து ஒன்றைக் குறைத்த பாவமும் இல்லை.

ஆக, செலவில் முதலிடம் உப்புக் கலவைக்கும் தூய நீருக்கும். அடுத்து நூறு லிட்டர் கொள்ளளவுக்கும் சோதனைக் கருவிகளுக்கும். அதன் பிறகு விசிறிக்கும் பேட்டரி பம்புக்கும். மீன் கடைசியில். அலங்கார விளக்கும் பவளமும் பட்டியலிலேயே வேண்டாம். ஒன்று மட்டும் உள்நாட்டுக்காரர் மறக்கக் கூடாது. மாற்றி எடுக்கும் உப்பு நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றினால், ஆண்டுக்குப் பதினெட்டு கிலோ உப்பு அந்த மண்ணில் சேரும். அந்த நீரைச் சாக்கடையில்தான் விட வேண்டும். இந்த வரிசையும் ஆறு வாரப் பொறுமையும் ஒத்துவராதவர்களுக்கு நன்னீர்த் தொட்டி எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஒத்துவருபவர்களுக்கு நூறு கிலோமீட்டர் தூரம் தடையே இல்லை.