பிரசவத்துக்கு முன்பே ஊர் மாறுங்கள்

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு நெஞ்சில் குறை என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்டது, "ஆபரேஷன் எங்கே, எவ்வளவு ஆகும்?" என்றுதான். பிரசவம் எங்கே என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

எங்களுக்குத் தெரிந்தது 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது. ஐந்தாம் மாத ஸ்கேனில் இரைப்பை நெஞ்சுக்குள் இதயத்தை ஒட்டித் தெரிந்தது. இதயம் வலப்பக்கம் தள்ளியிருந்தது. பிறவி உதரவிதானக் குடலிறக்கம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருந்தால் குடல் மேலேறி, நுரையீரல் வளர இடமில்லாமல் செய்துவிடும். ஓட்டையைத் தைத்துவிடலாம், நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் நுரையீரல் அளவு என்ன, கல்லீரலும் மேலேறியிருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

வலி வந்த பிறகு எங்கள் ஊரான கரூரிலிருந்து மருத்துவமனை இருக்கும் கோவைக்கு, ஊரடங்கு கால இ-பாஸ் அனுமதி வாங்கிக்கொண்டு ஓட முடியாது என்று எட்டாம் மாதமே கிளம்பிவிட்டோம். வெளியூர்க்காரர்கள் என்றாலே கொரோனாவுக்குப் பயந்து வீடு தர மறுத்த காலம். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டெஸ்ட் ரிசல்ட்டையும் காட்டித்தான் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது.

இந்தக் குறையுள்ள குழந்தை பிறந்ததும் முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று அழுத்தக் கூடாது. காற்று குடலுக்குள் போய் உப்பி, நுரையீரலை இன்னும் நசுக்கும். நேராகத் தொண்டைக்குள் குழாய் போட வேண்டும். வயிற்றுக் காற்றை எடுக்க மூக்கு வழியாக இன்னொரு குழாய். இதை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கினோம். நள்ளிரவில் பிரசவமானால் ட்யூட்டியில் யார் இருப்பார் என்று நமக்குத் தெரியாதே!

பிறந்த பிறகு மாமியார் தினமும் போன் செய்வார். "இன்னும் ஆபரேஷன் பண்ணலையாம்மா? பணம் கட்டலைன்னு தள்ளிப் போடுறாங்களா?" அப்படியில்லை. நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் குறைந்து, குழந்தை நிலையான பிறகு செய்வதுதான் முறை. காத்திருப்பதும் சிகிச்சைதான்.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) ஒருவரைத்தான் அனுமதித்தார்கள். டாக்டர் பேசும் நேரத்தை முன்பே கேட்டு, வீட்டுக்காரரை வீடியோ காலில் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேர் கேட்டால்தான் பாதியாவது மனதில் நிற்கும். பால் குடிக்க முடியாத குழந்தைக்கும் அம்மா பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வற்றிவிடும். அம்மாவுக்கே கொரோனா வந்தாலும் முகக்கவசம் போட்டுத் தாய்ப்பால் தரலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் மருத்துவமனையின் வழக்கம் என்ன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் எதுக்களிப்பு அதிகம். எடை மெதுவாகத்தான் ஏறும். தொற்றுக்குப் பயந்து தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள், சளிக் காய்ச்சல்தான் இந்த நுரையீரலுக்கு ஆபத்து. வந்து பார்ப்பவர்களை வாசலோடு நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பச்சையாக வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ, குடல் மறுபடி மேலேறியிருக்கலாம். போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.