பூசினால் மட்டும் போதாது: மலைப் பயணத்துக்கு ஏற்ற பூச்சிவிரட்டியைத் தேர்ந்தெடுத்தல்

போடிநாயக்கனூரில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளியை விட்டு வெளியே வந்து மேற்கே பார்த்தால், குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு என்று மலை அடுக்கடுக்காக ஏறிச் செல்லும். ஏலத்தோட்டம், தேயிலை, சோலைக்காடு, ஆறு என்று பாடநூலில் உள்ள பல படங்களை நேரிலேயே காட்டிவிடலாம். அறிவியல் ஆசிரியரான நான், வனத்துறை அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்று, சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களை ஆண்டுதோறும் அடிவாரப் பகுதிகளுக்கு அழைத்துச் செல்கிறேன். எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் கடைசி வரியாக ‘கொசு கிரீம்’ இருக்கும். அந்த ஒரு வரியை ஒரு முழுப் பாடமாகவே நடத்தலாம் என்பது என் அனுபவம்.

யாரை விரட்டப் போகிறோம்?

பயணத்துக்கு முந்தைய வாரமே இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிடுவேன். ‘கொசு’ என்ற பதில் உடனே வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பகலில் கடிக்கும். காலையிலும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய வேளையிலும் அதன் தொல்லை அதிகம். நம் பயண நேரமும் பெரும்பாலும் அதுவே.

இரண்டாவது, பலரும் நினைத்துப் பார்க்காத சிற்றுண்ணி. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் இதன் இளம் பருவம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இது கடிப்பதால் பரவுவதுதான் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்னும் உண்ணிக் காய்ச்சல். ‘இது பூச்சியா?’ என்று கேட்டால் ஆம் என்பார்கள். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது.

மூன்றாவது, மழைக்காலத்தில் மலையேறும் எல்லோருக்கும் பழக்கமான அட்டை. பத்தாம் வகுப்பு மாணவர்கள் பாடத்தில் படிப்பது நீரில் வாழும் கால்நடை அட்டையை. ஏலத்தோட்டத்தில் காலில் ஏறுவது நிலத்தில் வாழும் அட்டை. இரண்டும் வளைதசைப் புழுக்கள்தாம். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால்தான், அது விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது.

ஆக, ‘பூச்சிவிரட்டி’ என்று நாம் சொன்னாலும், விரட்ட வேண்டிய மூன்றில் ஒன்றுதான் பூச்சி. வகைப்பாட்டியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

சிட்டையில் எதைப் படிக்க வேண்டும்?

நம் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு, தோலின் வெப்பம், வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம் ஆகியவற்றைக் கொண்டு கொசு நம்மைக் கண்டுபிடிக்கிறது. விரட்டி கொசுவைக் கொல்வதில்லை. அதன் மோப்பத்தைக் குழப்பி, தோலில் உட்காராமல் தடுக்கிறது. அதனால் பூசாமல் விட்ட இடத்தில் கொசு கடிக்கத்தான் செய்யும்.

கடையில் வாங்கும்போது குழாயின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் ‘செயல்படும் பொருள்’ எது, எத்தனை சதவீதம் என்று படிக்க மாணவர்களைப் பழக்குங்கள். முக்கியமானவை இவை:

டீட்: 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. மிக அதிகமாக ஆராயப்பட்ட விரட்டியும் இதுவே. கொசு, உண்ணி இரண்டுக்கும் பயன்படும். சற்று வாடையும் பிசுபிசுப்பும் உண்டு. மூக்குக்கண்ணாடிச் சட்டம், கடிகாரப் பட்டை போன்ற பிளாஸ்டிக் பொருள்களைக் கெடுக்கும்.

டைஎத்தில் பென்சமைடு: நம் ஊரில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் 12 சதவீத அளவில் இருப்பது. டீட்டின் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், அவ்வளவுதான் வேறுபாடு. கரிம வேதியியல் நடத்துவோர் இதைப் பலகையில் வரைந்து காட்டலாம்.

பிகாரிடின்: 1980களில் உருவாக்கப்பட்டது. வாடையோ பிசுபிசுப்போ அதிகம் இராது. பிளாஸ்டிக்கையும் கெடுக்காது.

டெப்பா: குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கியது.

சதவீதம் கூடினால் விரட்டும் வலிமை கூடும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கூடுவது பெரும்பாலும் நேரம். 10 சதவீத டீட் ஏறத்தாழ 2 மணி நேரமும், 20 முதல் 30 சதவீதம் ஏறத்தாழ 5 மணி நேரமும் காக்கும். அதனால் அரை நாள் பயணத்துக்கு மிக அதிகச் செறிவுள்ளதைத் தேடத் தேவையில்லை. குழந்தைகளுக்கு 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை.

வசதியும் பாதுகாப்பில் ஒரு பகுதி

எது சிறந்த விரட்டி என்று கேட்டால், குழந்தை துடைத்துவிடாத விரட்டி என்பேன். பேருந்து முந்தல் தாண்டுவதற்குள், ‘ஒட்டுது சார்’, ‘நாத்தமடிக்குது சார்’ என்று சட்டைக் கையால் துடைத்துக்கொள்ளும் பிள்ளைகளை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். எவ்வளவு நல்ல மருந்தானாலும் சட்டையில் இருந்தால் தோலைக் காக்காது. மலையேறும்போது வியர்வையும், மேலே போனால் பனிமூட்டத்தின் ஈரமும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

ஆகவே வாங்கும் முன், இரண்டு மூன்று வகைகளை ஆசிரியர்களும் விருப்பமுள்ள பெற்றோரும் தங்கள் முன்கையில் சிறிது பூசிப் பாருங்கள். மாணவர்கள் கேள்வி கேட்டு அட்டவணை நிரப்பட்டும்: பூசியவுடன் வாடை எப்படி? பத்து நிமிடம் கழித்துப் பிசுபிசுப்பு உண்டா? மைதானத்தை இரண்டு சுற்று நடந்து வியர்த்த பிறகு வழிகிறதா? அரிப்போ எரிச்சலோ உண்டா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கொசுவைக் கடிக்கவிட்டுச் சோதிக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. தேர்ந்தெடுத்த பொருளைப் பயணத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் முன்னிலையில் கையில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். தோல் சிவந்தால் பயணத்தன்று அதைப் பூச வேண்டாம்.

ஒரு கணக்கு

எவ்வளவு நேரம் காக்கும் என்பதற்குப் பிறர் ஆய்வையே பயன்படுத்தலாம். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஓர் ஆய்வில், 15 தன்னார்வலர்கள் ஏடிஸ் எஜிப்தி கொசுக்கள் உள்ள கூண்டில் கையை நீட்டினர். 23.8 சதவீத டீட் சராசரியாக 301 நிமிடமும், சோயா எண்ணெய் கலந்த தயாரிப்பு ஏறத்தாழ 95 நிமிடமும் காத்தன. சிட்ரோனெல்லா எண்ணெய்த் தயாரிப்புகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டில் கட்டும் விரட்டிப் பட்டைகளால் பயனே இல்லை.

இதை வைத்துக் கேளுங்கள்: காலை 7 மணிக்குக் கிளம்பிப் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பினால், ஒவ்வொன்றையும் எத்தனை முறை பூச வேண்டும்? விடை முறையே 2, 4, குறைந்தது 18. பதினெட்டு முறை பூசுவது நடக்கிற காரியமா என்று மாணவர்களே கேட்டுவிடுவார்கள்.

வீட்டு முறைகள்

‘வேப்பெண்ணெய் தடவினால் போதாதா?’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களின் அனுபவத்தை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய்க்கு ஓரளவு விரட்டும் தன்மை உண்டு. ஆனால் வாடையைக் குழந்தைகள் பொறுக்க மாட்டார்கள். சிறு குழந்தை விழுங்கிவிட்டால் பெரும் ஆபத்து. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அட்டைக்குத் தோட்ட வேலைக்குப் போகும் பெரியவர்கள் உப்போ புகையிலையோ வைத்துக்கொள்வார்கள். நனைந்த புகையிலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாக உடலுக்குள் செல்லும் என்பதால் குழந்தைகளுக்குப் புகையிலை வேண்டாம். முழங்கால் வரையிலான நீண்ட காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்வதே போதுமான காப்பு. கடித்த அட்டையைப் பிய்க்காமல், அதன் மெல்லிய வாய்ப்பக்கத்தை நகத்தால் மெதுவாகத் தள்ளி எடுக்க வேண்டும். உப்பு பட்டால் அட்டை ஏன் சுருங்குகிறது என்பதிலிருந்து சவ்வூடு பரவலுக்குப் போய்விடலாம்.

பூசும்போது

முழுக்கைச் சட்டை, முழுக்கால் ஆடை முதலில். விரட்டி அதற்குப் பிறகு. ஆடை மூடாத இடத்தில் மட்டும் பூச வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குப் பெரியவர்களே தங்கள் கையில் எடுத்துப் பூசிவிட வேண்டும். கண், வாய், காயம், குழந்தையின் உள்ளங்கை ஆகியவற்றில் படக் கூடாது. முகத்தில் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. சாப்பிடும் முன் கை கழுவுவதும், திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிப்பதும் கட்டாயம். புட்டியை மாணவர் கையில் கொடுக்காமல் ஆசிரியரே வைத்திருங்கள்.

திரும்பிய பிறகு

வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்: ‘அடுத்த 3 வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலைப்பகுதிக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.’ உண்ணிக் காய்ச்சலில் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான புண் இருக்கலாம். அக்குள், இடுப்பு போன்ற மறைவான இடங்களில் இருந்தால் எளிதில் கண்ணில் படாது. நேரத்தில் கண்டறிந்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கலாம்.

எந்த விரட்டியும் நூற்றுக்கு நூறு காக்காது. அதனால்தான் விரட்டி, ஆடை, இந்த ஒரு வரி மூன்றையும் சேர்த்தே பயணப் பட்டியலில் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் பள்ளியின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.