சர்வதேசச் சட்டமும் நம் வாயிற் கடலும்

சட்ட முதுமாணிப் பட்டத்துக்குச் சர்வதேசச் சட்டத்தைத் தேர்ந்துகொள்ளும் நம் இளைஞர், ஆய்வுப் பொருள் தேடி ஐரோப்பிய வழக்குகளையே நாடுவர். அவற்றைக் கற்கவேண்டாமென்று யாம் கூறோம். ஆயினும், நெடுந்தீவைச் சூழ்ந்து அலையெறியும் பாக்குக் கடலும் அத்துறையின் கடினமான வினாக்கள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

1904ஆம் ஆண்டில் அன்னகுமாரு பிள்ளை வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின்முன் வந்தது. இராமநாதபுரக் கரைக்கு அப்பாலுள்ள சங்குப்படுகையில் உரிமையின்றிச் சங்கெடுத்தது பற்றிய பிணக்கு அது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாற்பட்டது திறந்த கடல் என்பது அக்காலத்துப் பொதுவழக்கு. நீதிபதிகளோ, பாக்கு விரிகுடா திறந்த கடலன்று, இருகரை மக்களும் நூற்றாண்டுகளாகக் கையாண்டுவந்த அந்நீர்ப்பரப்பு முடியாட்சிக்கு உட்பட்டதே எனக் கொண்டனர். 'சரித்திர நீர்ப்பரப்பு' என்னும் கோட்பாட்டுக்கு அறிஞர் காட்டும் சான்றுகளுள் இத்தீர்ப்பும் ஒன்று. சங்கு குளிப்போர் வழக்கொன்று பேரரசின் எல்லையைப் பேசவைத்தது வியப்பன்றோ!

அந்நீர்ப்பரப்பினூடே இலங்கையும் இந்தியாவும் 1974 ஜூனில் எல்லை வகுத்தன; கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. அவ்வுடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை, இருநாட்டுக் கலங்களும் ஒன்றன் நீரில் மற்றொன்று மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 1976 மார்ச்சில் மன்னார்க் குடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தபொழுது பரிமாறப்பட்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டார் மற்றைய நாட்டின் நீரில் மீன்பிடித்தலாகாது என்றன. சரித்திர நீர்ப்பரப்பையும் பெயர்சொல்லிக் குறித்தன. வேறொரு கடலுக்கான உடன்படிக்கையோடு வந்த கடிதம் முந்திய உறுப்புரையைக் கட்டுப்படுத்துமா? 'உரிமை' என்பது கலம் செல்லும் உரிமையா, மீன்பிடிக்கும் உரிமையா? மாணவன் மூலவாசகத்தைச் சொல் சொல்லாக எடைபோடவேண்டிய இடம் இது. கடிதங்களின் வாசகம் தெளிவானதென்பதே எம் கருத்து, மாற்றுரைப்போரும் உளர்.

இஃது ஏட்டுச் சர்ச்சையன்று. யுத்தகாலத் தடைகளால் நெடுங்காலம் கடலிழந்திருந்த வடபுலக் கடற்றொழிலாளர், 2009க்குப் பின் மீண்டும் வலைவீசியபொழுது, அக்கரை இழுவைப்படகுகள் தம் வலைகளை அறுத்துச் செல்லக் கண்டனர். அடிநில இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தினால் தடைசெய்தது. சிறைப்படுவோரும் பெரும்பாலும் ஏழைக் கூலிகளே. அவரும் நம் மொழியினரே. ஆகையால் ஆத்திரம் தவிர்த்து ஆராய்தல் வேண்டும்.

அதற்குத் துணையாவது செங்கடலில் எழுந்த ஒரு பிணக்கு. எரித்திரியாவுக்கும் யேமனுக்கும் இடையே 1999இல் நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பு, மரபுவழி மீன்பிடி உரிமை சிறுதொழிலாளர்க்கே உரியதென்றும், பெருவணிக மீன்பிடிக்கு அது செல்லாதென்றும் விளக்கியது. சிறுவள்ளத்துக்கு இயந்திரம் பூட்டுவதால் அவ்வுரிமை அழியாதென்றும் கொண்டது. அத்தீர்ப்பு நம் கடலைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் அளவுகோலைக் கொண்டு இராமேசுவரத்து இழுவைப்படகையும் பாம்பனின் நாட்டுப்படகையும் வேறுவேறாக அளந்து பார்க்கும் ஆய்வேடொன்றை நம் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதுவாராயின், இருகரையாரும் அதனைத் தேடிப் படிப்பர்.