தூக்கி நிறுத்த முடிகிற வண்டி

புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உன் அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அக்காவிடமும் சொல்லிவிடு.

ஆடு மேய்க்க எக்ஸ்பல்ஸ் பைக் வாங்கலாமா என்று கேட்டுப் படமும் வீடியோவும் அனுப்பியிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி.

எக்ஸ்பல்ஸ் நல்ல வண்டிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019-ல் வந்தது. 200 சிசி எஞ்சின், முன்னால் 21 அங்குலச் சக்கரம், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. கல்லும் குழியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எடை 160 கிலோவுக்குப் பக்கம், சீட் உயரம் 825 மில்லிமீட்டர். ஆடு மேய்க்கிறவன் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைவு, ஏறி இறங்கும் நேரம்தான் அதிகம். படல் திறக்க இறங்க வேண்டும், நிலக்கடலைக் கொல்லைக்குள் புகுந்த ஆட்டை விரட்ட இறங்க வேண்டும், நொண்டுகிற ஆட்டின் குளம்பைப் பார்க்க இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காலை உயரத் தூக்கிப் போட்டு ஏறிப் பார். சாயங்காலம் இடுப்பு சொல்லும்.

நீ அனுப்பிய வீடியோ நியூசிலாந்தில் எடுத்தது. அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கில் ஆடு. நிலம் முழுக்கக் கம்பி வேலி. ஆள் பின்னாலிருந்து நாயும் வண்டியுமாக ஓட்டுவார், ஆடு முன்னால் ஓடும். உன் பட்டியில் இருப்பது நூறு ஆடு. வேலி கிடையாது. ஒரு பக்கம் அடுத்தவன் தக்காளி, இன்னொரு பக்கம் மாந்தோப்பு, அதற்கு அப்பால் காடு. நம் ஆடு மேய்ப்பவன் குரலைக் கேட்டு அவன் பின்னால் வரப் பழகியது. பின்னாலிருந்து எஞ்சின் உறுமினால் சிதறி நாலு பக்கமும் ஓடும். பிறகு ஆட்டுக்குப் பதில் தக்காளிக்காரனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாய்.

ஆனால் அவர்கள் வண்டியில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. பண்ணை வேலைக்கென்றே யமஹா ஏஜி என்று ஒரு வரிசை செய்தது. பந்தய வண்டி மாதிரி எதுவும் அதில் இராது. சிறிய எஞ்சின், முன்னாலும் பின்னாலும் கேரியர், மண் புகாதபடி செயினுக்கு முழு மூடி, சரிவில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்து நிறுத்த இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஆயிரம் ஆடு வைத்திருப்பவனே கேட்டு வாங்கியது இதைத்தான். அந்த வண்டி இங்கே கிடைக்காது, ஆனால் அந்தப் புத்தி இங்கேயும் செல்லும்.

இனி உனக்கு உண்மையில் வண்டி எதற்கு என்று பார்ப்போம். மந்தையை நடத்த உன் காலும் குரலும் போதும். மந்தைக்குப் பின்னால் இருக்கும் வேலைக்குத்தான் வண்டி. காலையில் எந்த மேட்டில் புல் இருக்கிறது என்று முன்னால் போய்ப் பார்த்து வர, தண்ணீர்க் கேன், தீவன மூட்டை, கிடை மறிக்கிற வலை இதெல்லாம் கொண்டுபோக, கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வாங்கி வர. எல்லாவற்றுக்கும் மேலாக, மேய்ச்சலில் ஈன்ற குட்டியைப் பட்டிக்குக் கொண்டுவர.

அந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வண்டியைத் தேர்ந்தெடுப்பதே அதில்தான் இருக்கிறது. மத்தியானம் ஓடைக் கரையில் ஒரு பெட்டை குட்டி போடுகிறது என்று வை. முதலில் அது நக்கி முடிக்கட்டும், குட்டி எழுந்து சீம்பால் குடிக்கட்டும். அதற்குள் குட்டியைத் தூக்கினால் தாய்க்குப் பழக்கம் விட்டுப்போகும். பிறகு குட்டியைக் கையில் எடுத்துத் தாயின் மூக்குக்கு எதிரே தாழ்த்திப் பிடி. மோந்துகொண்டே பின்னால் வரும். உயரத் தூக்கிவிட்டால் குட்டி காணாமல் போனதாக நினைத்து, ஈன்ற இடத்துக்கே திரும்பி ஓடிக் கத்தும். இப்போது சொல், எக்ஸ்பல்ஸின் 825 மில்லிமீட்டர் சீட்டுக்கு முன்னால் டேங்க் மேல் குட்டியை வைத்துக்கொண்டு போனால் தாய் வருமா? முன்னால் தட்டையான பலகை இருக்கும் வண்டியானால் இரண்டு காலுக்கும் நடுவே சாக்கு விரித்துக் குட்டியைப் படுக்கவைத்து, ஆடு நடக்கும் வேகத்தில் போகலாம். தாய் பக்கத்திலேயே வரும். அந்தச் சாக்கைத் தனியாக வை. பெட்ரோல் துடைத்த துணியோடு சேர்ந்தால் குட்டி மேல் அந்த வாடை ஏறிவிடும், தாய் மோந்து பார்த்துத் தள்ளிவிடும்.

ஆகவே என் முடிவு டிவிஎஸ் எக்ஸ்எல் 100. சிரிக்காதே. 1980-ல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வந்த நாள் முதல் பால் கேனும் காய்கறி மூட்டையும் கோழிக் கூடையும் இந்த வம்சத்து வண்டியில்தான் போகிறது. எக்ஸ்எல் 100-இன் எடை 90 கிலோவுக்குள். கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, ஆக்சிலேட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நடை வேகத்தில் போகலாம். பின் சீட்டைக் கழற்றினால் பின்னால் முழுக்கச் சுமைக்கு இடம். கம்பெனி சொல்லும் சுமை 130 கிலோ, அதில் உன் உடம்பும் அடக்கம், மறக்காதே.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் 16 அங்குலம், பெரிய குழியில் மாட்டும். டேங்க் 4 லிட்டர், மறந்தால் நடுக்காட்டில் நிற்பாய். ஒரே கியர், சுமையோடு செங்குத்தான மேடு ஏறத் திணறும். இறக்கத்தில் கியர் வண்டி மாதிரி எஞ்சின் பிடித்து நிறுத்தாது, பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். நகரி, கார்வேட்டிநகரம் மலையடிவாரத்தில் ஒருவன் கேட்டிருந்தால் நானே 100 சிசி கியர் வண்டியைச் சொல்லியிருப்பேன். ஸ்பிளெண்டர் மாதிரி, எடை 112 கிலோ, செயினுக்கு முழு மூடி உண்டு. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும், மேடு சுலபமாக ஏறும். பலமனேர் ஊர் உயரத்தில் இருந்தாலும் உன் நிலம் பெரும்பாலும் சமவெளி. பட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒரு மேட்டுக்காக 160 கிலோ வண்டி வாங்க வேண்டாம்.

எந்த வண்டியானாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. வண்டி வைத்திருக்கும் தெரிந்தவன் யாரையாவது கூப்பிட்டு, ஓடை மணலில் அந்த வண்டியைப் படுக்கவை. பிறகு நீ தனியாகத் தூக்கி நிறுத்து. பெட்ரோல் நிறைந்த டேங்க், பின்னால் ஒரு தீவன மூட்டை, காலில் நீ மேய்ச்சலுக்குப் போடும் அதே செருப்பு. முடிந்தால் அது உன் வண்டி. மேய்ச்சல் நிலத்தில் விழுந்தால் கை கொடுக்க ஆள் வராது. எங்கள் ஊரில் எலும்புக் கட்டுக்கு வருகிற கூட்டத்தை நீ பார்த்திருக்கிறாய். வண்டியில் விழுந்தவர் இல்லாத நாள் கிடையாது. உன்னைப் பார்க்க ஆசைதான், அதற்காகக் கட்டுப் போட்டுக்கொள்ள வர வேண்டாம்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை. பின் சக்கரத்துக்குப் பட்டன் டயர் போடு, முன்னால் கம்பெனி டயரே இருக்கட்டும். மணலில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் இடித்து டியூப் கிழியும். சீமைக் கருவேல முள் உன் நிலத்தின் நிரந்தரக் குடி. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள். டயர் லிவர், ஒட்டு, சின்ன பம்பு, ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர் எல்லாம் ஒரு பையில் வண்டியிலேயே இருக்கட்டும். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தாலும் கிக்கர் இல்லாத வண்டியை எடுக்காதே.

சைலன்ஸரைக் கழற்றிச் சத்தம் ஏற்றுகிற பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. உன் வண்டிக்கு அது ஆகாது, சினை ஆடு மிரண்டு ஓடினால் கரு கலையக்கூடும். கோடையில் இன்னொரு ஆபத்து. ஓடி வந்த வண்டியின் சைலன்ஸர் கொதிக்கும். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் பற்றிக்கொள்ளும். கல் மேலோ வெற்று மண்ணிலோ நிறுத்து. குட்டியின் கால் அதில் படாமல் தகடும் அடித்துவிடு.

வழி தவறிய ஆட்டைத் தேடிப் போனால் நேர் பின்னாலிருந்து போகாதே, அதற்குப் பின்பக்கம் கண் தெரியாது. தூரமாக வட்டம் போட்டு, தோள் பக்கமாக வா. ஐம்பது அடி இருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டு நட. நோய்ப்பட்ட ஆட்டைக் கொண்டுபோக நேர்ந்தால் கால் கட்டிப் பக்கவாட்டில் நெடுநேரம் படுக்கவைக்காதே, வயிறு உப்பும். மார்பு தரையில் படும்படி உட்காரவைத்துத் தலையை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொள்.

பழைய வண்டி வாங்குவதும் தப்பில்லை. குடியாத்தம், வேலூர், கோலார் எல்லாம் உனக்குப் பக்கம், விலை மலிவாகத் தெரியும். தமிழ்நாட்டு, கர்நாடக வண்டியானால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும். நம் ஆந்திரத்தில் 2019-ல் மாநிலம் முழுக்க ஏபி 39 என்று ஒரே வரிசை வந்துவிட்டது, அதனால் அதற்குப் பிந்தைய வண்டியில் எண்ணை மட்டும் பார்த்து எந்த மாவட்டத்து வண்டி என்று சொல்ல முடியாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு நீயே குனிந்து ஒப்பிடு. வங்கிக் கடன் அடைந்ததா என்றும் கேள்.

யானையை மறந்துவிடாதே. உன் ஊர்ப் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயம் 1990-ல் வந்தது. ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. இருட்டிய பிறகு காட்டோரப் பாதையில் வண்டி எடுக்காதே. எதிரில் பட்டால் ஹாரன் வேண்டாம், லைட்டை மின்னிக் காட்ட வேண்டாம், தூரத்திலேயே திருப்பிக்கொண்டு வா. லேசான வண்டியைத்தான் குறுகிய பாதையில் திருப்ப முடியும், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள். இந்தப் பக்கம் சேஷாசலக் காட்டில் செம்மரத்துக்காகச் சோதனை கடுமை. திருப்பதிக்கு வரும்போது காட்டுக்குள் குறுக்கு வழி தேடாதே.

ஒரு எக்ஸ்பல்ஸ் விலைக்கு இரண்டு எக்ஸ்எல் வந்துவிடும். மிச்சப் பணத்தில் கொஞ்சத்தை ஆட்டுக்கு ஒதுக்கு. மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து. வடகிழக்கு மழையில் கொசு மாதிரிச் சிறு பூச்சி கடித்து நீலநாக்கு நோய் வரும், அதற்கும் டாக்டரைக் கேள். ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்கி வண்டியில் கட்டிக்கொள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பலமனேரில் வாங்கி வெயிலில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் ஊசி போட்டும் பயன் இல்லை. சந்தேகம் வந்தால் திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போய்க் கேள். 1955-லிருந்து இருக்கும் கல்லூரி, தயங்காதே.

ஹெல்மெட் போடு. பட்டியிலிருந்து கொல்லைக்குப் போகிற தூரம்தானே என்று சொல்லாதே.

இதையெல்லாம் படித்த பிறகும் எக்ஸ்பல்ஸ்தான் வேண்டும் என்றால், ஆடு இரட்டிப்பான பிறகு உன் சொந்த ஆசைக்கு வாங்கு. அப்போது நானும் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். இப்போது ஓடை மணல் சோதனையைச் செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுது.

இப்படிக்கு,
அன்புடன்
மாமா