‘ரேங்க் எத்தனை?’ என்று கேட்குமுன்

எங்கள் திருமுல்லைவாயில் காம்பவுண்டில் மூன்று குடித்தனம். ஒரு வீட்டுப் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளி, இன்னொன்று மெட்ரிக், மூன்றாவது ஆவடியில் கேந்திரிய வித்யாலயா. மூன்றும் ஐந்தாம் வகுப்புக்குள்தான். பருவத் தேர்வு முடிந்து லீவு விட்டால் போதும், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அம்மாக்களின் ஒப்பீடு தொடங்கிவிடும். ஒருவர் ‘அரும்பு’ என்பார், ஒருவர் ‘பி டூ’ என்பார், ஒருவர் “அஞ்சாவதுல ஃபெயில் போட்டுடுவாங்களாமே” என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஒரு வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போடும்போதுதான் வம்பு.

1. உங்கள் பிள்ளை எந்த வாரியத்தில் படிக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வழிவிட்டது. தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ‘பப்ளிக்’ என்றதும் எங்கள் தெருவில் டியூஷன் போர்டுகள் முளைத்தது இன்னும் நினைவிருக்கிறது. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த அறிவிப்பு ரத்தானது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 3, 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு வேண்டாம், எட்டு வரை நிறுத்திவைக்க வேண்டாம் என்றே சொன்னது.

கேந்திரிய வித்யாலயா கதை வேறு. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, அங்கே ஐந்திலோ எட்டிலோ தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். ஆனால் தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. ஆவடி டேங்க் ஃபேக்டரி பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் சிபிஎஸ்இ பள்ளி என்றால் அவர்கள் விதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் படிவம் ஏதாவது நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. “அக்கா, மூணாவது படிக்கிற புள்ளைக்கு அரும்புன்னு போட்டிருக்காங்க. நல்லதா கெட்டதா?” எதிர்வீட்டுப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்துக் கூட்டவே திணறிய பிள்ளைகளுக்காக வந்தது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்பில் அரும்பு என்றால், ஒன்றாம் வகுப்பில் கைவந்திருக்க வேண்டிய எழுத்தும் எண்ணும் இன்னும் முழுதாக வரவில்லை என்று அர்த்தம். பட்டமும் அல்ல, சாபமும் அல்ல. எங்கிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் போட்டுக்கொள்ளும் அடையாளம், அவ்வளவுதான். பிள்ளை முன்னால் சொந்தக்காரர்களிடம் “இவன் இன்னும் அரும்புதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

3. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அட்டையை மூடாதீர்கள். 2012இல் முப்பருவ முறையோடு வந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீடு: செய்து காட்டுவது, பேசுவது, பாடுவது, திரட்டுவது போன்ற செயல்பாடுகளுக்கு 20, அவ்வப்போது வைக்கும் சிறு தேர்வுகளுக்கு 20. மீதி 60 தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ முடிவில் உட்கார்ந்து எழுதும் பரீட்சை.

இப்போது இரண்டு பிள்ளைகள். ஒருத்தி வளரறியில் 38ம் தொகுத்தறியில் 30ம் வாங்கி 68. இன்னொருவன் 22ம் 46ம் வாங்கி அதே 68. இருவருக்கும் பி2தான். ஆனால் முதல் பிள்ளைக்கு விஷயம் தெரிகிறது, வினாத்தாளைக் கண்டால் கை ஓடவில்லை. எழுதும் வேகம், கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வது, சில சமயம் கண் பார்வை, இவற்றைக் கவனியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று எத்தனையோ பிள்ளைகள் வாய் திறந்து சொல்வதில்லை. இரண்டாவது பிள்ளை ஒருவேளை மனப்பாடத்தில் ஓட்டுகிறான். அவனிடம் பாடத்தை அவன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு வைத்தியம்.

4. தரநிலைக் கணக்கு: 91 முதல் ஏ1, 81 முதல் ஏ2, 71 முதல் பி1, 61 முதல் பி2, 51 முதல் சி1, 41 முதல் சி2, 33 முதல் டி. அதற்குக் கீழே இ1, இ2. ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். 80க்கும் 81க்கும் நடுவே ஒரு எழுத்து மாறுகிறதே தவிர பிள்ளை மாறுவதில்லை.

5. சார்ட், மாடல், ஆல்பம் எதையும் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன்சி ஸ்டோர் ஷட்டரைத் தட்டும் அப்பாக்களை அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் வீட்டுக்கு 20 மதிப்பெண் வந்தால் அது உங்கள் மதிப்பெண். வீட்டில் உதிர்ந்த முருங்கை இலை, வேப்பிலை, கறிவேப்பிலையைப் பிள்ளையே கோணலாக ஒட்டி, கோணலாகப் பெயர் எழுதட்டும். அந்தக் கோணலில்தான் ஆசிரியருக்குத் தகவல் இருக்கிறது.

6. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் வினாத்தாள் வேண்டாம், மின்சார ரயில் போதும். ஆவடியில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். ‘பட்டரவாக்கம்’ என்பதில் ‘ட்ட’ தடுக்குகிறதா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கணக்கு: “ஆவடிக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவுல எத்தனை ஸ்டேஷன்?” விடை ஐந்து. ஆறு என்று சொன்னால் பிள்ளைக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, இறங்குகிற ஸ்டேஷனையும் சேர்த்துவிட்டது. தப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தாகிவிட்டது அல்லவா? வளரறி மதிப்பீடு என்று பள்ளியில் செய்வதும் இதைத்தான். பெயர்தான் பயமுறுத்துகிறது. பூந்தமல்லிக்காரர்களுக்கு மின்சார ரயில் இல்லையே என்றால், பஸ் டிக்கெட்டும் மளிகைச் சீட்டும் இருக்கின்றன. துவரம்பருப்பு அரைக் கிலோ விலையிலிருந்து கால் கிலோ விலையைச் சொல்லச் சொல்லுங்கள்.

7. “நாளைக்கு ஸ்கூல்ல கவர்ன்மென்ட் டெஸ்ட்” என்று பிள்ளை வந்து சொன்னால் பதறாதீர்கள். மாநில அடைவுத் தேர்வு, தேசிய அளவிலான ஆய்வு என்று அவ்வப்போது நடக்கும். 2021 நவம்பரில் 3, 5, 8, 10 வகுப்புகளுக்குத் தேசிய ஆய்வு ஒன்று நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு இன்னொன்று. எல்லாமே மாவட்டமும் மாநிலமும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்காக நடத்துவது. உங்கள் பிள்ளையின் அட்டையில் இதற்கு இடமே கிடையாது. ராத்திரி சீக்கிரம் தூங்கவைத்து, காலையில் இட்லி கொடுத்து அனுப்புங்கள்.

8. பெற்றோர் கூட்டத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் என்று அப்பா போக முடியாது, அம்மாவுக்கும் கம்பெனி வேன் ஏழரைக்கே வந்துவிடும். பாட்டியை அனுப்பினாலும் சரி, ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: எந்த எழுத்தில், எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள்? போன பருவத்தைவிட என்ன புதிதாகச் செய்கிறாள்? வீட்டில் பத்து நிமிடம் என்ன செய்யலாம்? ‘என் பொண்ணு எத்தனையாவது?’ என்ற கேள்வி அந்தச் சீட்டில் வேண்டாம். பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

9. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அதனால் ‘வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை, என்ன ஸ்கூல் இது?’ என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கட்டுக்கட்டாகக் கொடுத்தால் போங்கள்.

10. அட்டையில் பிழை இருந்தால், உதாரணமாக வராத நாளில் நடந்த சிறு தேர்வுக்குச் சுழியம் போட்டிருந்தால், அந்த வாரமே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பிறகு தலைமையாசிரியர். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களைப் போன்ற பெற்றோர்தான் தலைவர், அவரிடம் சொல்லலாம். கல்வித் துறையின் உதவி எண் 14417. கடைசிப் பருவம்வரை வைத்திருந்து கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

11. ஒவ்வொரு பருவ அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கூடவே பள்ளியில் பிள்ளைக்குப் பதிந்திருக்கும் ‘எமிஸ்’ எண்ணையும். வாடகை வீடு மாறி அம்பத்தூரிலிருந்து பட்டாபிராமுக்குப் போகும்போது டி.சி.யோடு கேட்பது இந்த எண்ணைத்தான். எங்கள் வீட்டில் அது காலண்டரின் பின்னட்டையில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே இருக்கிறது.