ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன்...

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் முடங்கியதும் பலர் அதைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். கடையில் ஃபார்மட் செய்துவிட்டால், பிள்ளையின் ப்ராஜெக்டும் குடும்பப் படங்களும் அத்தோடு போய்விடும். பெரும்பாலான கோளாறுகளுக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லை.

1. ஐகான்களும் டாஸ்க்பாரும் மறைந்து, மவுஸ் மட்டும் நகர்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பட்டியலில் அது இல்லையென்றால், 'ரன் நியூ டாஸ்க்' பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். திறந்திருக்கும் வேர்டு, எக்செல் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

2. திரையே கறுத்துவிட்டால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

3. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைப்பது கடைசி வழி. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

4. வேர்டு பாதியில் மூடிக்கொண்டதா? மறுபடி திறந்தால் மீட்ட பிரதியை அதுவே காட்டும். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சேமித்து வைக்கும். அந்தப் பிரதியை வேறு பெயரில் உடனே சேமியுங்கள்.

5. நீலத்திரை வந்தால் அதிலுள்ள பிழைக் குறியீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று ஒரு தொலைபேசி எண் தெரிந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது.

6. விண்டோஸ் தொடர்ந்து கிளம்பத் தவறினால் பழுதுநீக்கும் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பிறகு 4 அழுத்தினால், அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோட் வரும். கடைசியாக நிறுவிய மென்பொருளை அங்கிருந்து நீக்கிப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. சேஃப் மோடில் நுழைந்து அந்த அப்டேட்டின் பழுதான கோப்பை அழிப்பதே அன்று சொல்லப்பட்ட தீர்வு.

7. 'தற்காலிகக் கணக்கில் நுழைந்துள்ளீர்கள்' என்ற அறிவிப்போடு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் பழைய கணக்கின் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். ஆனால் இந்தத் தற்காலிகக் கணக்கில் எதையும் சேமிக்காதீர்கள்; வெளியேறியதும் அழிந்துவிடும்.

8. எதுவும் பலிக்காவிட்டால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பினால், ஹார்டு டிஸ்கில் எதையும் மாற்றாமலே படங்களை நகலெடுக்கலாம். டிஸ்குக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

9. அதன் பிறகு விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' செய்து பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் ரீசெட். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதையே தேர்ந்தெடுங்கள். மென்பொருள்களை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.